சுமத்ரா வந்த காலை

அருந்ததி வானிலைத் தேர்வில் ஒருமுறை தோற்றிருந்தாள். விமானம் ஓட்டுவதில் அவளைக் குறை சொல்ல ஆளில்லை. பஞ்சு வைத்தாற்போலத் தரையிறக்குகிறாள் என்று பயிற்சியாளர் கேப்டன் அலாவுதீனே மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறார். தேர்வறையில் அச்சடித்த வானிலை அறிக்கையைக் கண்டதும்தான் அவள் மனம் எங்கோ போய்விட்டது. காற்று தென்மேற்கிலிருந்து, எட்டு நாட் வேகம். வானத்தில் எட்டில் மூன்று பங்கு குமுலஸ் என்னும் திரள்மேகம், அடிப்பாகம் ஆயிரத்து எண்ணூறு அடி. வெப்பம் முப்பத்தொன்று. இவ்வளவுதான் அதில் இருந்தது. அவளோ அந்த மேகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். எந்த ஊரின் மேல் அவை நிற்கின்றன, அவற்றின் நிழல் எந்தக் கூரைமேல் ஊர்ந்து போகிறது, கீழே யாராவது துணி காயப் போட்டிருப்பார்களா என்று நினைத்துக்கொண்டே இருந்தவளுக்கு முடிவு மணி அடித்தது எங்கோ தூரத்தில் கேட்டது. பாதித் தாள் வெறுமையாக இருந்தது.

அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் மருந்தாளர் வேலை. கிரீன் லேனில் அம்மா செல்வநாயகியோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாயான் லெப்பாஸ் விமான நிலையம் போய், அங்குள்ள பறப்புக் கிளப்பின் இரண்டு பேர் உட்காரும் செஸ்னா விமானத்தில் பறப்பாள். கல்யாணத்துக்கு வந்த வரன்களில் இரண்டு பேர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். ஒருவர் சிரிக்கவில்லை, ஆனால் திரும்பி வரவுமில்லை.

தேர்வில் தோற்ற பிறகு அவள் ஒரு முடிவு செய்தாள். தாளில் பார்க்கும் எழுத்தும் எண்ணும் வானத்திலிருந்து எப்படித் தாளுக்கு வருகின்றன என்று பார்த்துவிட வேண்டும். பறக்கும் நாட்களில் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பி, வானிலை அலுவலகத்தின் முகப்பில் போய் நின்றாள். அங்கேதான் சந்திரிகாவைப் பார்த்தாள்.

சந்திரிகா வானிலை நோக்குநர். அருந்ததியைவிட நாலைந்து வயது இளையவள். எதிர்க்கரையில் சிம்பாங் அம்பாட்டிலிருந்து ஹோண்டா மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து வேலைக்கு வருவாள். மணிக்கு ஒருமுறை வெளியே புல்தரைக்குப் போய், கால்கள் வைத்த வெள்ளைப் பெட்டியைத் திறந்து இரண்டு வெப்பமானிகளைப் பார்ப்பாள். ஒன்று சும்மா இருக்கும். மற்றொன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து காற்றில் எவ்வளவு ஈரம் என்று தெரிந்துவிடும். பிறகு நிமிர்ந்து, வானத்தைக் கண்ணாலேயே எட்டாகப் பிரித்து, எத்தனை பங்கு மேகம் என்று பார்ப்பாள்.

"தூரம் எப்படி அளக்கிறீங்க?" என்று அருந்ததி முதல் நாள் கேட்டாள்.

"அளக்கறது எங்கக்கா? தெரியுதா இல்லையான்னு பாக்கறதுதான். அந்தா ஜெரெஜாக் தீவு. அதுக்கு அங்கிட்டு பாலம். அதுக்கும் அங்கிட்டு மெயின்லேண்ட் மலை. மலை தெரிஞ்சா பத்து கிலோமீட்டருக்கு மேல. ஜெரெஜாக்கே தெரியலன்னா வீட்டுக்குப் போயிடலாம்லா."

"அறிக்கையில நேரம் மட்டும் ஏன் நம்ம நேரம் இல்ல?"

"உலகத்துக்கே ஒரே நேரம், லண்டன் பக்கத்து நேரம். நம்ம எட்டு மணி அங்க நடுராத்திரி."

அருந்ததிக்கு அது மிகவும் பிடித்துப்போனது. பினாங்கில் ரொட்டிக்காரனின் மணிச்சத்தம் கேட்கும் காலையை யாரோ உறங்கிக்கொண்டிருக்கும் ஊரின் நேரத்தில் எழுதிவைக்கிறார்கள். அதை வீட்டில் அம்மாவிடம் சொன்னாள். "அதுக்கென்ன, நாங்கள் இஞ்சை விழிச்சிருந்தால் சரிதானே" என்று அம்மா மீனை அரிந்துகொண்டே சொன்னாள்.

சில மாதங்களில் இருவரும் நெருங்கிவிட்டார்கள். சந்திரிகா வேலை முடிந்த ஞாயிறுகளில் பத்து மாவுங் என்ற ஊரின் கடற்கரையோரக் கடையில், வடையும் காயும் நறுக்கி இனிப்புச் சாறு ஊற்றித் தரும் பசெம்போர் சாப்பிடுவார்கள். சாப்பிடும்போதே சந்திரிகா மேலே பார்த்து மேகத்தின் பெயர் சொல்வாள். அருந்ததி அது எதைப்போல இருக்கிறது என்று சொல்வாள். சில சமயம் இரண்டும் ஒன்றாகவே வரும். அப்போது இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

எண்பத்தேழாம் ஆண்டு ஆகஸ்டில், அருந்ததி தனியாக வடக்கே அலோர் ஸ்டார் விமான நிலையம் வரை பறந்து திரும்ப வேண்டிய நாள் வந்தது. உரிமம் வாங்குவதற்கு அந்தப் பயணம் கட்டாயம். பயிற்சியாளர் கூட வரமாட்டார்.

அன்று காலை அவள் வானிலை அலுவலகத்தில் முன்னறிவிப்பை வாங்கிப் படித்தாள். காற்று மிதம், பார்வைத் தூரம் நன்று. இடையிடையே சிறிது நேரம் இடிமழை வரலாம் என்று கடைசி வரி சொன்னது.

"இது சுமத்ராவா?" என்று கேட்டாள். தென்மேற்குப் பருவத்தில், சுமத்ரா தீவின் பக்கம் இரவில் திரண்டு, வரிசை கட்டிக்கொண்டு நீரிணையைத் தாண்டி வரும் புயல்மழைக்கு அங்கே எல்லோரும் சொல்லும் பெயர் அது. வழக்கமாக விடிவதற்குள் வந்து அடித்துவிட்டுப் போய்விடும்.

"ராத்திரி ஒன்னு கிளம்பிச்சுக்கா. ராடார்ல பாத்தேன், இப்பவே பிஞ்சு பிஞ்சு கிடக்கு. அது கடல்லயே செத்துடும். நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க."

அருந்ததி தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள். கேப்டன் அலாவுதீன் அதை வாங்கிப் படித்து, கடைசி வரியை நகத்தால் தட்டிக் காட்டினார். "பாத்தியாம்மா?"

"பாத்தேன் கேப்டன்."

"சரி. போ."

பறப்பு நன்றாகத் தொடங்கியது. செஸ்னா வடக்கே திரும்பியதும் இடப்பக்கம் தீவின் மலைகள் பச்சையாக விலகிப் போயின. பாலம் நூல் போட்டது போல நீரின் மேல் கிடந்தது. எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தைத் தாண்டியதும் கெடா மாநிலத்து வயல்கள் வந்தன. நெல் நீரில் நின்றது. அந்த நீரில் மேகம் நின்றது. விமானத்தின் நிழல் வயலில் ஓடும்போது மேலேயும் கீழேயும் வானம் இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. எந்திரத்தின் சத்தம் பழகிப்போய் மௌனமாகிவிட்டிருந்தது. ஜெராய் மலை வலப்பக்கம் தலையில் சிறு வெள்ளைத் துணியோடு நின்றது. அவள் அதற்கு வணக்கம் சொல்வதுபோல இறக்கையை லேசாக அசைத்தாள். யாரும் பார்க்கவில்லை.

அலோர் ஸ்டாரில் இறங்கி, வந்து சேர்ந்ததற்கு ஒரு கையெழுத்து வாங்கி, ஒரு கோப்பி குடித்துவிட்டுத் திரும்பிக் கிளம்பினாள்.

ஜெராயை மறுபடி நெருங்கியபோது ஏதோ குறைகிறது என்று உணர்ந்தாள். எதுவென்று உடனே தெரியவில்லை. பிறகுதான் புரிந்தது. வழக்கமாகத் தெற்கே, கடலின் மேல் நீலத் திட்டாகத் தெரியும் பினாங்குத் தீவைக் காணோம். அது இருக்க வேண்டிய இடத்தில் வானத்துக்கும் கடலுக்கும் நடுவில் கறுப்பாக ஒரு மதில் எழும்பியிருந்தது. மதிலின் உச்சி வெயிலில் வெள்ளைவெளேரென்று மின்னியது. அடி மட்டும் மை.

அதே சமயம், பாயான் லெப்பாஸ் புல்தரையில் சந்திரிகா நின்றுகொண்டிருந்தாள். மேற்கே பாலிக் புலாவ் பக்கத்து மலை முகடுகளை ஒவ்வொன்றாக மழை விழுங்குவதைப் பார்த்தாள். கடலில் சாகவேண்டியது சாகவில்லை. வேறு எதையோ தின்று பெருத்து வந்திருந்தது. அடுத்த அறிக்கைக்கு இன்னும் நேரம் இருந்தது. அதற்குக் காத்திருக்காமல், வானிலை சட்டென்று கெடும்போது அனுப்பவேண்டிய சிறப்பு அறிக்கையை அப்போதே எழுத அவள் உள்ளே ஓடினாள். எழுத்து அவளுடையது போலவே இல்லை.

அந்த அறிக்கை பட்டர்வொர்த் ரேடியோ வழியாக அருந்ததியின் காதுக்கு வந்தது. பினாங்கில் இடிமழை, பார்வைத் தூரம் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர், காற்று திடீர் வீச்சுகளோடு முப்பத்தைந்து நாட். என்ன செய்யப் போகிறாய் என்று ரேடியோக் குரல் கேட்டது.

"ஸ்டாண்ட்பை," என்று பொறுக்கச் சொன்னாள் அருந்ததி. அப்போதுதான் அவள் அந்த வெளிச்சத்தைப் பார்த்திருந்தாள்.

கறுப்பு மதிலுக்கும் கரைக்கும் இடையே ஒரு திறப்பு. அதன் வழியாக இளம் பொன்னிறத்தில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. வெயில் விழுந்த இடத்தில் கடல் பச்சைக் கண்ணாடியாக இருந்தது. அந்தப் பச்சையைத் தாண்டினால் தீவு இருக்கும் என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றியது. இருபுறமும் மேகம் தூண் தூணாக எழும்பி, மேலே வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தது. இப்படி ஓர் இடத்தை அவள் பூமியில் எங்கும் பார்த்ததில்லை. விமானத்தின் மூக்கு தானாகவே அந்தப் பக்கம் திரும்பியது போல இருந்தது. திருப்பியது தன் கைதான் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

அவள் போனாள். காற்று அசையாமல் பட்டுப்போல இருந்தது. கண்ணாடியில் பட்ட வெளிச்சம் அவள் கைகளின் மேலும் விழுந்து அவற்றை வேறு யாருடையதோ போலக் காட்டியது. பயம் வரவில்லை. ஒரு பெரிய வீட்டுக்குள் கதவு திறந்திருக்கிறது, உள்ளே யாரோ சாம்பிராணி போட்டிருக்கிறார்கள், போய்ப் பார்த்தால் என்ன என்பதுபோல இருந்தது.

உயரமானியின் முள்தான் அவளை எழுப்பியது. அது ஏறிக்கொண்டிருந்தது. அவள் ஏறச் சொல்லவில்லை. கைப்பிடியை முன்னால் தள்ளினாள், மூக்கு தாழ்ந்தது. முள் அப்படியும் ஏறியது. மேகம் தன் வயிற்றுக்குள் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. காற்றோடு அவளையும். தேர்வுத் தாளில் பதில் எழுதாமல் விட்ட கேள்விகளில் ஒன்று இதுதான். இடிமேகம் வளரும்போது அதன் முன்னால் காற்று எந்தத் திசையில் போகும்? மேலே. இப்போது அந்தப் பதில் அவள் வயிற்றில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. திறப்பு முன்பைவிடக் குறுகியிருந்ததையும் அப்போதுதான் கவனித்தாள். தூண்களுக்கு நடுவில் மின்னல் ஒன்று சத்தமில்லாமல் ஓடி மறைந்தது.

"அலோர் ஸ்டார் திரும்புகிறேன்," என்று ரேடியோவில் சொன்னாள். வேகத்தைக் குறைத்து, இடப்பக்கம் கரையை நோக்கிச் சாய்த்து, அந்த வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டினாள். திரும்பும் அந்த வளைவு முடியாமல் நீண்டுகொண்டே போவதுபோல இருந்தது. ஜெராய் மலை ஜன்னலில் மெல்ல நகர்ந்து வந்து அதனிடத்தில் நின்றபோது அவள் மூச்சு விட்டாள். திரும்பிப் பார்த்தாள். திறப்பு இல்லை. அது இருந்த இடம் முழுவதும் கறுப்பு.

அலோர் ஸ்டாரில் முதல் பெருந்துளிகள் விழும்போது அவள் விமானத்தைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். கேண்டீன் மக்சிக், வயதான மலாய்க்கார அம்மாள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சூடாக ஒரு கோப்பை மைலோ கலந்து வைத்தாள். மழை தகரக் கூரையைக் கொட்டுமேளமாக்கியது. அருந்ததி அலுவலகத் தொலைபேசியைக் கேட்டு வாங்கி, முதலில் பறப்புக் கிளப்புக்கும் பிறகு வானிலை அலுவலகத்துக்கும் பேசினாள்.

சந்திரிகாதான் எடுத்தாள்.

"அக்கா, தரையிலயா இருக்கீங்க?"

"தரையிலதான். மைலோ குடிக்கிறேன்."

சந்திரிகா அழுதாள். "நான் சொல்லிருக்கக் கூடாதுக்கா. செத்துடும்னு நான் ஏன் சொன்னேன்? வரப்போறதச் சொல்ல நான் போர்காஸ்டர் இல்ல. பாத்தத எழுதறதுதான் என் வேலை. நீங்க என் பேச்ச நம்பித்தானே..."

"சந்திரிகா, தாள்ல இருந்துச்சு. கடைசி வரியில. நான் படிச்சேன், கேப்டனும் காட்டினாரு. எனக்குப் போகணும்னு ஆச, அதான் உங்க பேச்ச எடுத்துக்கிட்டேன்."

"இருந்தாலும்..."

"உங்க ஸ்பெஷல் ரிப்போர்ட் வரலன்னா நான் திரும்பியே இருக்க மாட்டேன். அந்த வெளிச்சம் அவ்வளவு அழகா இருந்துச்சு." அதைச் சொல்லிவிட்டு அருந்ததி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பிற்பகலில் வானம் கழுவித் துடைத்தாற்போல ஆனது. இரண்டு முறை பினாங்கு அறிக்கையைக் கேட்டு, ஒவ்வோர் எண்ணையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுப் புறப்பட்டாள். தீவு தன் இடத்தில் இருந்தது. மலையிடுக்குகளிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. தண்ணீர்மலைப் பக்கம் மட்டும் கொஞ்சம் பஞ்சு மேகம் மரங்களில் சிக்கியிருந்தது.

கேப்டன் அலாவுதீன் ஈரத் தளத்தில் குடை இல்லாமல் நின்றிருந்தார்.

"எவ்வளவு தூரம் போனே?"

மறைக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. "ஜெராய்க்குத் தெற்கே. போகவேண்டியதைவிட அதிகம் கேப்டன். ஒரு இடைவெளி தெரிஞ்சது. அதுக்குள்ள போகப் பாத்தேன்."

அவர் விமானத்தின் இறக்கையைத் தடவிக்கொண்டே நின்றார். கோபம் வந்து, எங்கோ போய், திரும்பி வந்தது முகத்தில் தெரிந்தது. கடைசியில், "வீட்டுக்குப் போ. அம்மா ரெண்டு தடவ போன் பண்ணிட்டாங்க," என்றார்.

அம்மா வாசல் விளக்கைப் பகலிலேயே போட்டு வைத்திருந்தாள். "மழை எங்கை பிடிச்சது, பிள்ளை?"

"நான் மழைக்குள்ள போகேல்லை அம்மா."

செல்வநாயகி மகளின் தலையைத் தொட்டுப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. புட்டும் குழம்பும் எடுத்து வைத்தாள். அன்று அருந்ததி நிறையச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் சந்திரிகா மாறிப்போனாள். முகப்பில் அருந்ததியைக் கண்டால் தாளை நீட்டுவாள். தாளில் இருப்பதை மட்டும் வாசிப்பாள். "மழை வருமா?" என்று கேட்டால், "போர்காஸ்டர் உள்ள இருக்காரு, கூப்பிடட்டா?" என்பாள். வேலை முடிந்ததும் நேரே ஹோண்டாவை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போய்விடுவாள். அருந்ததி தனியாகப் பத்து மாவுங் போனாள். பசெம்போர் ருசிக்கவில்லை. ஒரு நாள் அவள் ஹோண்டாவின் பக்கத்திலேயே காத்து நின்றாள்.

"எனக்கு அறிக்கை வேணாம். பேச்சு வேணும்," என்றாள்.

"பேசினா தப்பா போயிடுதுக்கா."

"மேகத்தப் பத்திப் பேசாட்டி என்ன? உங்க வீட்டுப் பூனையப் பத்திப் பேசுங்க."

சந்திரிகா தலைக்கவசத்தைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றாள். பிறகு, "அது குட்டி போட்டிருக்கு," என்றாள். அன்று மாலை பூனைக் குட்டிகளைப் பற்றி மட்டுமே பேசினார்கள். கடலின் மேல் எவ்வளவோ அழகான மேகங்கள் வந்து போயின. இருவரும் அவற்றைப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை.

ஆண்டு முடிவில் அருந்ததி வானிலைத் தேர்வை மறுபடி எழுதினாள். இந்த முறையும் எண்களுக்குப் பின்னால் மேகங்கள் வந்தன. கூரைகளும் துணிகளும் வந்தன. அவள் அவற்றைத் துரத்தவில்லை. வந்து நிற்கட்டும் என்று விட்டுவிட்டு, அவை எந்தப் பக்கம் போகும், எவ்வளவு உயரும், அவற்றின் அருகே தன்னால் போகமுடியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே எழுதினாள். மணி அடிக்கும்போது தாள் நிறைந்திருந்தது. தேறினாள். தைப்பூசம் முடிந்து சில வாரங்களில் உரிமமும் கைக்கு வந்தது.

சந்திரிகாவுக்கு அதுவரை விமானத்தில் ஏறிய அனுபவமே கிடையாது. விமான நிலையத்தில் வேலை, தினமும் நூறு பேரை ஏற்றி இறக்கும் விமானங்களைப் பார்த்தபடியே இருந்தவள். அருந்ததி கேட்டதும் முதலில் மாட்டேன் என்றாள். அம்மாவைக் கேட்கவேண்டும் என்றாள். வயிற்றைப் புரட்டும் என்றாள். ஒரு ஞாயிறு காலை, வேலையில்லாத நாளில், மல்லிகைச் சரம் வைத்த தலையோடு வந்து நின்றாள்.

வடகிழக்குக் காற்று வீசும் வறண்ட பருவம் அது. வானம் வெளுத்து உயர்ந்திருந்தது. ஓடுபாதையில் ஓடும்போது சந்திரிகா கண்களை இறுக மூடி முருகன் பெயரைச் சொன்னாள். சக்கரம் தரையை விட்டதும் ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு இன்னொன்றை.

"அக்கா, என் பெட்டி எங்க?"

அருந்ததி இறக்கையைச் சாய்த்துக் காட்டினாள். புல்தரையில் வெள்ளைப் புள்ளி ஒன்று. அரிசி விழுந்தது போல. சந்திரிகா நெற்றியைக் கண்ணாடியில் வைத்து அது மறையும் வரை பார்த்தாள்.

தெற்கே கடலுக்குப் போய் மேற்கே திரும்பினார்கள். காலை வெயில் முதுகுப் பக்கம் இருந்தது. எதிரே தாழ்வாகச் சில வெள்ளை மேகங்கள் தனித்தனியாக மிதந்தன. அருந்ததி விதிப்படி தள்ளியே ஓட்டி, அவற்றுக்கு மேலே ஏறினாள்.

"இத்தன வருஷமா அடியத்தான் பாத்திருக்கேன்," என்றாள் சந்திரிகா.

ஒரு மேகத்தின் மேல் அவர்களுடைய நிழல் விழுந்தது. சிறிய, தெளிவான விமான நிழல். அதைச் சுற்றி ஒரு வட்டம். உள்ளே நீலம், பச்சை, மஞ்சள், விளிம்பில் சிவப்பு. வானவில்லை யாரோ சுருட்டி வளையலாக்கிவிட்டது போல. அவர்கள் நகர நகர வட்டமும் மேகத்தின் மேடு பள்ளங்களில் ஏறி இறங்கிக்கொண்டு கூடவே வந்தது.

சந்திரிகா அருந்ததியின் கையைப் பிடித்தாள். "இது க்ளோரி. கையேட்டுல படிச்சிருக்கேன். இதுக்கும் பேரு இருக்கு, ஆனா நான் ஒரு தடவகூட எழுதினதில்ல. கீழேருந்து தெரியாதுக்கா."

"இப்ப எழுதுங்க."

"இன்னிக்கு லீவுலா." சந்திரிகா சிரித்தாள். சிரிப்பு எந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை, கையின் வழியாகத் தெரிந்தது.

அருந்ததி வேகத்தைக் குறைத்தாள். வட்டம் மேகத்தின் ஓரம் வரை வந்தது. அங்கே ஒரு கணம் பாதியாக நின்றது. மேகம் முடிந்ததும் அது இல்லாமல் போக, கீழே வெறும் கடல் விரிந்து கிடந்தது. இரண்டு பேரும் அடுத்த மேகத்தைத் தேடினார்கள்.